பாபகூராவில் ஓர் ஆத்துமா

"இன்னிக்கா? அடுத்த மாசம்தானே வர்றதா சொன்னீங்க, பிரதர்?"

ஓடும் ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போனைக் காதோடு அழுத்தியபடி கேட்டான் மைக்கேல். ஒடாஹுஹு நிலையத்தில் ஏறிய கூட்டம் அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை.

"ஃப்ளைட் மாறிடுச்சு மைக்கேல். ஆக்லாந்துல ரெண்டு நாள்தான் இருக்கேன்" என்றார் மறுமுனையில் சகோதரர் தேவன். "சனிக்கிழமை தவறாம கூடி ஜெபிக்கிற அகதிக் குடும்பம்னு ரிப்போர்ட்ல எழுதியிருந்தீங்களே, அவங்களைப் பாக்கணும். அட்ரஸ் அனுப்புங்க. ஒரு மணிக்கு அங்க இருப்பேன்."

மைக்கேல் முகவரியை அனுப்பிவிட்டு மணியைப் பார்த்தான்.

தேவன் சிங்கப்பூர்க்காரர். பதினைந்து வருடமாக ஜெர்மனியில் அகதிகள் நடுவே ஊழியம் செய்கிறவர். அவருடன் ஒரு வருடம் தங்கி வேலை செய்ய ஒரே ஓர் இளைஞனைத் தேர்ந்தெடுக்கப் போகிறார். அந்த இடம் தனக்குத்தான் என்று முடிவு செய்து, நகர மையத்தில் தான் வேலை பார்க்கும் வங்கியில் ஒரு வருட விடுப்புக்கு எழுதியும் கொடுத்துவிட்டான் மைக்கேல். மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் அம்மா, வட்டாரத்துக்கே செய்தி சொல்லி முடித்திருந்தார்.

சிக்கல் அவருக்கு அனுப்பிய அந்த ரிப்போர்ட்டில்தான் இருந்தது. அதில் முழுப் பொய் என்று எதுவும் இல்லை. குலசிங்கம் குடும்பம் இலங்கைப் போருக்குப் பிறகு அகதியாக வந்தது உண்மை. ஆனால் வந்து பதினான்கு வருடமாகிவிட்டது என்பதையும், இப்போது சொந்த வீடும் இரண்டு காரும் வைத்திருக்கிறார்கள் என்பதையும் அவன் எழுதவில்லை. சனிக்கிழமை தோறும் அங்கே ஜெபம் நடந்ததும் உண்மை. ஜெபித்தது மைக்கேல் ஒருவன். அவன் கண்ணைத் திறக்கும் வரை மற்றவர்கள் சோறு ஆறாமல் மூடி வைத்திருந்தார்கள்.

எட்டு மாதத்துக்கு முன் ஒடாஹுஹு நிலையத்தில் குலசிங்கத்தின் கையில் சபையின் துண்டுப் பிரசுரம் ஒன்றைக் கொடுத்ததில் தொடங்கியது இது. பஸ் ஓட்டும் மனிதர், சீருடையில் நின்றபடியே அதை ஒரு வரி விடாமல் படித்து முடித்தார். பிறகு அவனை மேலும் கீழும் பார்த்து, "தம்பி, சாப்பிட்டீங்களோ?" என்றார். அன்று போனவன், இன்றுவரை ஒரு சனிக்கிழமை தவறவில்லை. எல்லாம் ஆத்தும ஆதாயத்துக்காக, அவர்களை இயேசுவிடம் சேர்ப்பதற்காக என்றுதான் தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். வாரத்தில் மற்ற ஆறு நாளும் அவனிடம் தமிழில் ஒரு வார்த்தை பேச ஆளில்லை என்பதும், வெள்ளிக்கிழமை சாயங்காலமே அவன் மனம் பாபகூராவில் இருக்கும் அந்த வீட்டுக்குக் கிளம்பிவிடும் என்பதும் வேறு விஷயம்.

அவன் குலசிங்கத்துக்குப் போன் போட்டான்.

"அங்கிள், இன்னிக்கு என்கூட ஒருத்தர் வர்றார். ரொம்ப முக்கியமானவர். சும்மா ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடுவார். வேற ஒண்ணும் வேணாம்."

"அதுக்கென்ன, வரட்டும். எங்கட ஆள் ஒருத்தரும் மத்தியானம் வாறார். எல்லாருமாச் சாப்பிடுவம். ரதி, இன்னும் ரெண்டு சுண்டு அரிசி போடும்!"

"இல்ல அங்கிள், சாப்பாடெல்லாம்..."

"பாயசமும் வைக்கச் சொல்லுறன்" என்று போனை வைத்துவிட்டார் அவர்.

மைக்கேல் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு. ஷூவைக் கழற்றும்போதே கண் கூடத்தை அளந்தது. மூலையில் சாமிப் படங்கள் அடுக்கிய அலமாரித் தட்டு. பிள்ளையார், முருகன், அம்மன் என்று குடும்பம் மொத்தமும் பூச்சூடி உட்கார்ந்திருந்தது. ஜெபிக்கிற குடும்பம் என்று எழுதியாகிவிட்டது. யாரிடம் ஜெபிக்கிற குடும்பம் என்று தேவன் கேட்டால் என்ன சொல்வது?

அவசரமாகப் பையைத் திறந்து சபையின் காலண்டரை எடுத்தான். இயேசுவின் பெரிய படம் போட்டது. கதவுக்கு நேரெதிரே மாட்டிவிட்டால், வருகிறவர் பார்வை முதலில் அதில் விழும்.

"ஆன்ட்டி, இதைக் கூடத்துல, இந்தச் செவுத்துல மாட்டலாமா?"

குலசிங்கத்தின் மனைவி ரதிதேவி வாங்கிப் பார்த்தாள். "ஐயோ, என்ன வடிவான படம்! இதைப் போய் ஆரும் சும்மா சுவரில கொழுவுவினமோ?"

அடுத்த நிமிடம் இயேசு பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவே இருந்தார். மைக்கேல் வாயைத் திறப்பதற்குள் ஒரு செவ்வந்திப் பூவும் வைத்தாயிற்று.

"ஆன்ட்டி, வேணாம் ஆன்ட்டி, செவுத்துலயே..."

"வீட்டுக்கு முதல் முதலா வாற சாமி, தம்பி" என்று சொல்லிக்கொண்டே அவள் கற்பூரத்தைக் கொளுத்தினாள். ஒன்றல்ல, ஒரு கை நிறைய.

கூரையில் இருந்த புகை அலாரம் அலறத் தொடங்கியது.

"ஓ மை காட், நாட் அகெய்ன்!" என்று அறையிலிருந்து கத்தினாள் மகள் பிரணவி.

மணி பன்னிரண்டரை. மைக்கேல் ஒரு துவாலையைப் பறித்துக்கொண்டு நாற்காலியில் ஏறி அலாரத்துக்குக் கீழே விசிறினான். அது இன்னும் பெரிதாகக் கத்தியது. எட்டி அதன் பொத்தானை அழுத்தப் போனான். நாற்காலி ஆடியது. பக்கத்து மேசையைப் பிடித்தவன் கையில் அகப்பட்டது ஆற வைத்திருந்த பாயசப் பாத்திரம். அவனும் பாயசமும் ஒன்றாகத் தரைக்கு வந்தார்கள். அலாரம் தானாகவே நின்றது.

சட்டையிலிருந்து காலுறை வரை ஜவ்வரிசி. மைக்கேலுக்கு அழுகை வந்துவிட்டது. ஜெர்மனி கண்ணெதிரே பாயசத்தோடு வழிந்து போவதாகத் தோன்றியது.

"அடி பட்டதோ? இல்லைத்தானே? கழட்டுங்கோ, கழட்டுங்கோ" என்று அவனை அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார் குலசிங்கம். தன்னுடைய கால்சட்டைகள் அவன் இடுப்பில் நிற்காது என்று கண்டதும், அலுமாரியைத் திறந்து ஒரு புதுப் பட்டு வேட்டியையும் சால்வையையும் எடுத்தார். "உங்களுக்கெண்டே வாங்கி வைச்சது. நாளைக்குத் தருவம் எண்டு இருந்தன். பரவாயில்லை, இண்டைக்கே உடுங்கோ."

நாளைக்கு என்ன என்று கேட்க மைக்கேலுக்கு நேரம் இல்லை. வாழ்க்கையில் வேட்டி கட்டாதவன். இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்தபடி வெளியே வந்தான். எதிரே ரதிதேவி.

"நல்லாப் பயந்திட்டீங்கள் போல. முகமெல்லாம் வெளிறிப் போச்சு" என்றவள், தட்டிலிருந்து திருநீற்றை எடுத்து அவன் நெற்றி நிறையப் பூசிவிட்டாள். கையை எடுத்தால் வேட்டி அவிழும். நெற்றியைக் கொடுத்துவிட்டு நின்றான் மைக்கேல்.

அப்போது வாசல் மணி அடித்தது. சொன்ன ஒரு மணிக்கு இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது.

கதவைத் திறந்த பிரணவியின் தோளுக்கு மேலே தேவனின் முகம் தெரிந்தது. அவர் மைக்கேலின் நெற்றியைப் பார்த்தார். சால்வையைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். பிறகு மறுபடியும் நெற்றியைப் பார்த்தார்.

"பிரதர், இது... பாயசம்" என்றான் மைக்கேல்.

"வாங்கோ ஐயா, இருங்கோ" என்று தேவனின் கையைப் பிடித்து உட்கார வைத்தார் குலசிங்கம். "தம்பியைப் பற்றித்தானே கேக்க வந்தனீங்கள்? நான் சொல்லுறன். எட்டு மாசம். மழை வெயில் பாராமல் ஒவ்வொரு சனியும். முதல் நாள் இருந்த நிலமைக்கு இப்ப பாக்கேக்க, அப்பிடியொரு மாற்றம்!"

"அப்படியா?" தேவன் முன்னால் சாய்ந்தார்.

"ஓம். மனம் மாறுறது லேசில்லை. அவசரப்படுத்தக் கூடாது. அன்பாக் கதைச்சு, சாப்பாடு குடுத்து, கொஞ்சம் கொஞ்சமாத்தான்."

தேவனின் கண் கலங்கிவிட்டது. "இதைத்தான் நான் அங்க எல்லாருக்கும் சொல்றேன். அவங்கள்ல ஒருத்தரா ஆகணும்னு. நானும் முகாம்ல அவங்க கொடுக்கிற உடுப்பைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஆனா நெத்தி வரைக்கும் போற தைரியம் எனக்கு வந்ததில்ல." எழுந்து மைக்கேலின் தோளைத் தட்டினார். "ஜெர்மனிக்கு உங்க மாதிரி ஆள்தான் வேணும்."

மைக்கேலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேட்டியைப் பிடித்திருந்த கைகூடச் சற்றுத் தளர்ந்தது. சந்தோஷத்தில் ரதிதேவியைப் பார்த்துச் சிரித்தான். இந்த வீட்டை விட்டு ஒரு வருடம் எப்படி இருப்பது என்று முதல் முறையாக நெஞ்சில் சுருக்கென்றது.

"இன்னும் ஒரே ஒரு கேள்விதான்" என்றார் தேவன். "அய்யா, நாளைக்கு ஞாயித்துக்கிழமை. குடும்பத்தோட சபைக்கு வருவீங்களா?"

குலசிங்கம் குழம்பிப் போய் மைக்கேலைப் பார்த்தார். "நாளைக்கோ? நாளைக்குத் தம்பியெல்லோ எங்களோட..."

வாசல் மணி மறுபடியும் அடித்தது. முருகன் கோயில் தொண்டர் சபைத் தலைவர் ஜெயரட்ணம், கையில் ஒரு தடித்த கோப்போடு உள்ளே வந்தார். வேட்டியும் சால்வையும் நெற்றி நிறையத் திருநீறுமாய் நின்ற மைக்கேலை நிதானமாக ஒரு முறை சுற்றிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"குலம், போய்வர ஒரு இடமில்லாமல் ஸ்டேஷனில கடதாசி குடுத்துக்கொண்டு நிண்டவர் எண்டு நீர் மாசம் மாசம் எங்களுக்கு ரிப்போர்ட் எழுதின அந்த ஆதரவில்லாத மலேசியாப் பொடியன் இவர்தானே? பரவாயில்லை ஐசே, எட்டே மாசத்தில ஆளை வழிக்குக் கொண்டு வந்திட்டீர்!"