வாலில் ஒட்டிய பச்சை

கேள்வி கேட்பவர்களில் பல ரகம் உண்டு. தெரியாமல் கேட்பவர், தெரிந்துகொண்டே கேட்பவர், தூங்கி எழுந்து கேட்பவர். இவர்களுக்கெல்லாம் தலைவராக ஒரு ரகம் இருக்கிறது: கண்ட்ரோல் கேட்பவர். 'இதைச் செய்ததால்தான் பலன் வந்தது என்கிறாயே, செய்யாமல் விட்டுப் பார்த்தாயா?' என்பதுதான் அவருடைய கேள்வி. அப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைக்கு ஆராய்ச்சிக்கூடங்களில் கண்ட்ரோல் என்று பெயர். நியாயமான கேள்விதான். நியாயமான கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அலைபவரிடம்தான் நாம் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

நம்முடைய ஆள் ஈஸ்ட் ஆராய்ச்சிக்கூடத்தில் மூத்தவர். எல்லோருக்கும் அவர் கண்ட்ரோல் சார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கதவோரம் இருக்கும் நாற்காலி அவருடையது. பேசுகிறவர் படம் காட்டி, வளைகோடு காட்டி, உதவியவர்களுக்கு நன்றி சொல்லி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயில் வைக்கும் நேரம் பார்த்து, கண்ட்ரோல் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், சட்டை நுனியில் துடைப்பார், திரும்ப மாட்டிக்கொள்வார்.

"எல்லாம் சரிப்பா. கண்ட்ரோல்?"

பேசியவர் தண்ணீரை விழுங்கிவிட்டு, அது அடுத்த கட்டம் சார் என்பார். கண்ட்ரோல் சார் புன்னகைப்பார். அந்தப் புன்னகைக்குப் பயந்தே பலருக்கு வெள்ளிக்கிழமைகளில் காய்ச்சல் வந்தது.

வீட்டில் மட்டும் விட்டுவிடுவாரா? மாத்திரை போட்டதும் தலைவலி போய்விட்டது என்று மனைவி சொன்னால், போடாமல் இருந்திருந்தாலும் போயிருக்குமே என்பார். தினமும் நடந்து உடம்பு இளைத்ததாக மைத்துனர் பெருமைப்பட்டபோது, நடக்காத இன்னொரு மைத்துனர் இருந்தால்தான் அதை ஏற்றுக்கொள்ள முடியும் என்றார். மாமனாருக்கு ஒரே மகன். அதற்கு அவர் என்ன செய்வார்?

இப்படி ஊரார் வேலையையெல்லாம் சல்லடையில் போட்டுச் சலித்ததில், சொந்தமாக எதையும் கண்டுபிடிக்க அவருக்கு நேரமில்லாமல் போயிற்று. வரும் கோடையில் ஓய்வு. பேர் சொல்ல ஒரு கண்டுபிடிப்புகூட இல்லாமல் வெளியே போகப்போவதை நினைத்து, மனிதர் ஞாயிற்றுக்கிழமைகூட ஆராய்ச்சிக்கூடத்துக்கு வர ஆரம்பித்தார். அந்தச் சமயத்தில்தான் மைக்ராஸ்கோப்பில் பச்சை தெரிந்தது.

விஷயம் இதுதான். ஈஸ்ட் செல்லுக்குள் பெராக்சிசோம் என்று குட்டிக் குட்டிப் பைகள் உண்டு. கொழுப்பை உடைக்கும் வேலை அங்கேதான் நடக்கிறது. அந்த வேலைக்கு வேண்டிய புரதங்கள் பைக்குள் தயாராவதில்லை. வெளியே தயாராகி, மடிந்து உருவம் எடுத்து, பிறகு உள்ளே போக வேண்டும். புரதம் ஒரு சங்கிலி என்று வைத்துக்கொண்டால், அதன் வால் நுனியில் கடைசி மூன்று கண்ணிகள்தான் பெரும்பாலும் முகவரி. அந்த நுனியைப் பிடித்துப் பைக்குள் அழைத்துப் போகவென்றே இன்னொரு புரதம் காத்திருக்கும். இதையெல்லாம் கண்ணால் பார்க்க, பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்தை அதோடு சேர்த்து ஒட்டுவார்கள். உள்ளே போனால் பச்சைப் புள்ளிகள் தெரியும். போகாவிட்டால் செல் முழுக்கப் பச்சை மூட்டம்.

பைக்குள் இருப்பதாக எல்லோரும் நம்பிவந்த ஒரு புரதத்தை எடுத்து ஒட்டிப் பார்த்தார் நம்மவர். ஒரே மூட்டம். மருந்துக்குக்கூட ஒரு புள்ளி இல்லை. ஆக, அது உள்ளே போவதே இல்லை, பாடப்புத்தகத்தையே திருத்தியாக வேண்டும்! வேறு மாதிரி ஒட்டியும் பார்க்கலாமோ என்று ஒரு நினைப்பு வரத்தான் வந்தது. ஆனால் படம் அவ்வளவு அழகு. கண்ணுக்கே தெரிகிறபோது கண்ட்ரோல் எதற்கு என்று அந்த நினைப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, மைத்துனருக்குப் போன் போட்டார். மைத்துனருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் வாழ்த்தினார்.

வெள்ளிக்கிழமை புதுச் சட்டையில் வந்து அவரே பேசினார். படம் காட்டினார், நன்றி சொன்னார், தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். கடைசி வரிசையில் ஓர் ஆராய்ச்சி மாணவி கையைத் தூக்கினாள். கண்ட்ரோல் சாரின் கேள்வியால் தன் வேலையை இரண்டு முறை முதலிலிருந்து தொடங்கியவள் அவள்.

"சார், பச்சையை எந்தப் பக்கம் ஒட்டினீங்க?"

"வால் பக்கம்மா."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. முகவரி இருக்கும் நுனியின் மேல் அல்லவா கொண்டுபோய் ஒட்டியாயிற்று! அழைத்துப் போக வந்தது எதைப் பிடிக்கும்? பாவம், அந்தப் புரதம் போகமாட்டேன் என்று சொல்லவில்லை. போகவிடாமல் செய்ததே இவர்தான்.

"தலைப் பக்கம் ஒட்டி ஒரு கண்ட்ரோல்..." என்று அவள் இழுத்தாள். குரலில் துளி கிண்டல் இல்லை. அதுதான் அவரைச் சுட்டது.

"அது அடுத்த கட்டம்மா" என்றார் கண்ட்ரோல் சார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபித்துக்கொண்டாவது வெளியே போயிருக்கலாம்.

பிறகு தனியாக உட்கார்ந்து தலைப் பக்கம் ஒட்டிப் பார்த்தார். செல்லுக்குச் செல் பளிச்சென்று புள்ளிகள். பாடப்புத்தகம் தப்பித்தது. கோடைக்குள் இன்னொன்றைத் தொடங்கி முடிக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். வெகுநேரம் மைக்ராஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, நடந்ததை மறைக்காமல் மனைவியிடம் சொன்னார். சொல்லச் சொல்லத் தெம்பு வந்தது. முடிக்கும்போது நெஞ்சு நிமிர்ந்தே விட்டது.

"அந்தப் பொண்ணு கேட்டா பாரு ஒரு கேள்வி! இத்தனை வருஷமா நான் கேட்டுக் கேட்டுத்தான் அவளுக்கு அது வந்திருக்கு."

மனைவி டீக் கோப்பையை அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்க கேக்காம இருந்திருந்தா அவளுக்கு வந்திருக்காதா? பார்த்தீங்களா?"

கண்ட்ரோல் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டீ ஆறும்வரை துடைத்துக்கொண்டிருந்தார்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு யாரோ ஒருவர் முகம் ஞாபகம் வந்திருக்கும். அச்சு அசல் அவரேதான் என்று சிரித்திருப்பீர்கள். எல்லாம் சரி. முடிவு கட்டுவதற்கு முன்னால் உங்கள் முகத்தையும் ஒருமுறை கண்ணாடியில் பார்த்துக்கொண்டீர்களா? அது அடுத்த கட்டம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.