திங்கள், புதன், வெள்ளி அப்பாவின் வெப்சைட்

கவுன் புதிதாக இருக்கும்வரை எந்த வக்கீல் பேச்சையும் நம்பக் கூடாது. என் கவுனில் கடை மடிப்புகூடக் கலையாத காலத்தில், சொந்தக் குடும்பத்துக்கே நான் தீர்ப்பு சொன்னேன்.

ஆம்பூரில் சேர்ந்து நடத்திய ஷூ கம்பெனியை அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்தார்கள். நடுவில் சுவர் எழும்பியது. தையல் மெஷின், ஜெனரேட்டர் எல்லாம் பிரித்தாயிற்று. தாத்தா பெயரையே கொண்ட வெப்சைட் முகவரியை மட்டும் யாரும் நினைக்கவில்லை. வெளிநாட்டு ஆர்டரெல்லாம் அந்த டொமைனுக்குத்தான் மெயிலில் வரும். அது போனால் பிழைப்பே போச்சு.

"பேரைப் பதிவு பண்ணது நானு," என்றார் சித்தப்பா.

"அந்தப் பேருக்கு மரியாதை சம்பாரிச்சது நானு," என்றார் அப்பா.

கோர்ட்டுக்குப் போவதாக இருவரும் கிளம்பினார்கள். பேச்சுவார்த்தை நின்றது.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் இணையச் சட்டத்தில் சான்றிதழ் வேறு வாங்கியிருந்தேனே! (வார இறுதி வகுப்பு. பாதி நேரம் தூக்கம்.) எங்கள் நிலத்துக் கிணற்றில் இரண்டு வீடும் முறை வைத்துத்தான் தண்ணீர் பாய்ச்சும். டொமைனுக்கும் அப்படியே முறை வைத்தேன். திங்கள், புதன், வெள்ளி அப்பாவின் வெப்சைட் வரும், மெயிலும் அவருக்கே. செவ்வாய், வியாழன், சனி சித்தப்பாவுக்கு. ஞாயிறு சர்ச், அதனால் யாருக்கும் இல்லை. தினமும் காலையில் நானே மாற்றிவிடுவேன். உலகத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை என்று பூரித்துப்போனேன். (ஏன் தோன்றவில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.)

இத்தாலியிலிருந்து ஒரு புது பையர் பெரிய ஆர்டர் பற்றித் திங்களன்று எழுதினார். 'உங்களை எங்கள் குடும்பத்தில் ஒருவராகவே நினைக்கிறோம்' என்று உருகிய அப்பா, கறுப்பில் இடதுகால் ஷூ ஒன்றை சாம்பிளாக அனுப்பினார். பிரவுனிலும் வேண்டும் என்று மனிதர் செவ்வாயன்று எழுத, 'தாங்கள் யார்?' என்று கேட்டுவிட்டு சித்தப்பா பிரவுனில் வலதுகால் ஷூவை அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை போட்ட மெயில், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பிவிட்டது. பயந்துபோய் மனிதர் நேரிலேயே வந்து நின்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பூமாலை போட்டார்கள், இந்தப் பக்கம் ஒரு பூமாலை. அவர் இரண்டு ஷூவையும் பையிலிருந்து எடுத்து நடுவில் வைத்து, "இதில் எது கம்பெனி?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கிணற்று முறையை நான் இங்கிலீஷில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், நேராகப் போய்க் காரில் ஏறினார்.

"டேய் தேவா, கதவைப் புடிடா!" சித்தப்பாவைப் பார்த்து அப்பா கத்தினார். ஆளுக்கொரு பக்கக் கதவைப் பிடித்துத் தொங்கினார்கள் அண்ணனும் தம்பியும். எனக்கோ அந்த கவுனுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

மூச்சு வாங்கியபடி சித்தப்பா கேட்டார். "அண்ணா, பொண்ண வக்கீலுக்குத்தான படிக்க வெச்சீங்க?"

"அப்டி சொல்லித்தான்டா ஃபீஸ் வாங்குனாங்க."

கார் கூரைக்கு மேலே இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். காரணம் புரியாமல் பையரும் சிரித்தார். பிரியாணியும் கத்தரிக்காயும் மீதியைப் பார்த்துக்கொண்டன. ஆர்டர் இருவருக்குமாக வந்தது. சுவர் இன்றும் இருக்கிறது, ஆனால் மெயில் ஒரே பெட்டிக்குத்தான் வருகிறது. அதன் பக்கம் நான் போகக் கூடாது என்பது மட்டும் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு.

என் கல்யாண வரவேற்பில் சித்தப்பா மைக்கைப் பிடித்தார். "மாப்ள, திங்கள், புதன், வெள்ளி உங்க முறை. மத்த நாளு பொண்ணு எங்களுக்கு. ஞாயித்துக்கெழமை சர்ச்." மண்டபமே சிரித்தது. அப்பா மட்டும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போதும் புதன்கிழமை ஆம்பூர் போய் இறங்கினால், பையை வாங்கிக்கொண்டே அப்பா கேட்பார். "இன்னாம்மா, இன்னிக்கு நம்ம முறை இல்லியே?"