மிளகு டானின் கட்டில்

இந்தக் கோடை விழாவுக்குத் தன் கட்டிலில் தானே படுப்பது என்று ஏசுராஜ் தீர்மானம் போட்டார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

மே மாதம் வந்தால் ஏற்காட்டில் லாட்ஜ் கிடைக்காது. உடனே அவர் மனைவி அற்புதம் படுக்கையறையைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிடுவாள். அவளும் மகள் ஷெர்லினும் சமையலறையில் படுத்துக்கொள்வார்கள். ஏசுராஜுக்கு மிளகு மூட்டை அடுக்கிய பின்னறை. அவர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர்; ரைட்டர் என்றால் ஊரில் எழுந்து நிற்பார்கள். மூட்டைகள் அசைவதில்லை.

இந்த வருஷம் அவருக்குத் தைரியம் கொடுத்தது டிவி. 'மிளகுக் கோட்டை' என்று ஒரு தொடர். மலையில் மிளகு கடத்தும் கொலைகாரக் குடும்பம், அதற்குத் தலைவர் பெரிய துரைக்கண்ணு. 'பாத்திரங்கள் யாவும் கற்பனையே' என்று ஆரம்பத்திலேயே எழுத்துப் போட்டார்கள். நிஜத்தில் ஒருத்தரும் இல்லாவிட்டால் எதற்கு அப்படிப் போட வேண்டும்? ஏற்காடு முழுக்க ஆள் தேடியது.

ஒண்டிக்கடை முக்கில் டீக்கடை வைத்திருந்த சித்தன் கண்டுபிடித்துவிட்டான்.

"ரைட்டரே, அந்த டான் நீங்கதானுங்க!"

"நானா?"

"அவரு கொரங்குக் குல்லா போடறாருங்க, நீங்களும் போடறீங்க. கொலைக்கு முன்னாடி 'ம்'ங்கறாரு. நீங்களும் 'ம்'மத் தவிர வேறொண்ணும் பேசறதில்லீங்க!"

குல்லா சைனஸுக்காகப் போட்டது. 'ம்', வீட்டில் அதற்கு மேல் பேச இடம் கிடைக்காததால் வந்தது. இதையெல்லாம் ஏசுராஜ் விளக்கவில்லை. "ம்" என்றார். பெஞ்சில் இருந்தவர் எழுந்து தள்ளி உட்கார்ந்தார்.

ஏசுராஜுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அதுவரை அவரைப் பற்றிய பேச்சில் 'டான்' வந்ததெல்லாம், "மறுபடியும் தூங்கிட்டான்" என்று மாமியார் சொல்லும்போதுதான்.

வீட்டுக்கு வந்ததும் குல்லாவோடு கட்டில் நடுவில் சம்மணம் போட்டார்.

"ஏனுங்க, சனிக்கிழம சேலத்துலருந்து ஆளுங்க வராங்க. எறங்குங்க, மெத்தைய ஒதறோணும்."

"ம்."

"என்னங்க 'ம்'மு? பல்லு வலிங்களா?"

"அற்புதம், மிளகு டான் ஆருன்னு நெனச்ச? நாந்தான்! என்னைய வெச்சுத்தான் கதையே எழுதியிருக்கானுங்க. இந்தக் கட்டில ஒருத்தனுக்கும் குடுக்க மாட்டேன்!"

அற்புதம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஏசுராஜ் தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நெசந்தானுங்களா? ஊரே பேசுச்சு, நாந்தேன் நம்பல. மன்னிச்சுக்குங்க."

மன்னிப்பு! அவர் வாழ்க்கையிலேயே முதல் முறை. அதன் பிறகு காபிகூடக் கேட்காமலே வந்தது.

சனிக்கிழமை வாசலில் ஒரு ஜீப் நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. அற்புதம் மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தாள்.

"ஏனுங்க, 'நெசமான மிளகு டான் ஊடு'ன்னு ஷெர்லின் போன்ல போட்டுட்டாளுங்க. நொம்பக் கூட்டம்!"

ஏசுராஜ் குல்லாவைச் சரிசெய்துகொண்டார். "வரச் சொல்லு. கட்டில்லயே உக்காந்து பாக்கறேன்."

"அய்யோ, டானு இப்படியா பப்ளிக்கா உக்காருவாரு? எத்தன கொலைக் கேசு இருக்குது! ஆரு நம்புவாங்க?"

"அப்ப என்ன பண்றது?"

"தலைமறைவாயிருங்க!"

தொடரிலும் பெரிய துரைக்கண்ணு அந்த வாரம் தலைமறைவாகத்தான் இருந்தார். இப்போது மாட்டேன் என்றால் டான் இல்லை என்று ஆகிவிடும். ஏசுராஜ் "ம்" என்றார். போர்வையைச் சுருட்டிக்கொண்டு மூட்டை அறைக்குப் போனார்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய கட்டில் கிறீச்சிட்டது. எவனோ ஏறிக் குதிக்கிறான்.

"அக்கா, டான் இதுலதான் படுப்பாரா?" என்றது ஒரு பிள்ளைக் குரல்.

"ஆமா கண்ணு" என்றாள் அற்புதம்.

"நீங்க யாரு?"

"நானா? டானு ஊட்டப் பாத்துக்கறவ சாமி."

ஊட்டைப் பார்த்துக்கொள்கிறவளா! கோபத்தில் ஏசுராஜ் மூச்சை இழுத்தார். கூடவே மிளகு நெடியும் ஏறியது. மூக்கைப் பிடித்தார், வாயைப் பொத்தினார், முடியவில்லை. பலகை அதிரத் தும்மினார்.

"ஐயோ, டான்!" என்று பிள்ளைகள் அலறி, கட்டிலிலிருந்து விழுந்தடித்து ஓடும் சத்தம் கேட்டது. கடைசியில் தன்னைப் பார்த்து நாலு பேர் பயந்துவிட்டார்கள். ஏசுராஜுக்கு அந்த இருட்டிலும் நெஞ்சு நிமிர்ந்தது.

அற்புதத்தின் குரல் கேட்டது.

"பயப்படாதீங்க கண்ணு. அது டானு இல்ல, என்ற ஊட்டுக்காரருதேன்."