கைராசிப் படிகம்

உலகம் உருண்டை என்பதில் சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. அந்த ஆராய்ச்சி நிலைய இயக்குநரின் கைராசியைச் சந்தேகப்பட்டவர் எவருமில்லை. கந்தகம் கலந்த கரிமப் படிகம் மின்சார விஷயத்தில் மகா கஞ்சன்; கிள்ளித்தான் கொடுக்கும். இயக்குநரின் சுட்டுவிரல் பட்டால் போதும், வள்ளலாகிவிடும். மின்சாரம் அளக்கும் கருவியின் முள் துள்ளும். ஆகவே 'தொட்டுக்கொடுத்தல்' முடியாமல் அங்கே எந்தப் படிகத்தையும் அளப்பதில்லை.

அந்தப் படிகங்களை வளர்த்தவள் ஆராய்ச்சி மாணவி. "வந்துட்டியா, அழுகின முட்டை!" என்று கணவன் கந்தக வாடைக்கு மூக்கைப் பொத்தி வரவேற்கும் அளவுக்குப் பாடுபட்டவள். ஒருநாள், தொட்டுக்கொடுத்த படிகத்தை ஸ்பிரிட்டால் துடைத்தாள். முள் படுத்துவிட்டது. விளக்கைக் காட்டினாள், லேசாக எழுந்தது. சின்ன மின்னோட்டம்தான், ஆனால் படிகத்தின் சொந்தச் சம்பாத்தியம். அதையே ஆய்வேட்டில் எழுதினாள்.

அவளுக்குப் பட்டம் தரலாமா என்று தீர்மானிக்கும் குழு கூடியது. மேஜை நடுவே உப்புக்கடலைத் தட்டு, இயக்குநரின் உபயம்.

"என்னம்மா, ஐயா அளந்ததுல ஆயிரத்துல ஒரு பங்குகூட வரலையே?" என்றார் தலைவர், மென்றபடி.

"அவர் தொடாம அளந்தது சார்."

"அப்படி என்ன அவசரம்?"

"விரல்ல உப்பும் ஈரமும் இருக்கு சார். மின்சாரம் அதுமேலயே ஓடிடுது. படிகம் பாவம், சும்மா உட்கார்ந்திருக்கு. வேணும்னா ஐயாவ இந்த வெறும் கண்ணாடியத் தொடச் சொல்லுங்க."

இயக்குநர் தொட்டார். முள் துள்ளியது. 'அப்பாடா, பட்டம் வந்தமாதிரிதான்' என்று மூச்சு விட்டாள் மாணவி.

"கண்ணாடியவே கடத்த வச்சுட்டாரே மனுஷன்!" தலைவருக்கு மெய்சிலிர்த்தது. தாமும் தொட்டார். முள் துள்ளியது. "அட, எனக்கும் கைராசி!"

உறுப்பினர்கள் முண்டியடித்தார்கள். தொட்டவர்க்கெல்லாம் துள்ளியது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்: "எங்க வீட்டுல என்னை ராசியில்லாதவன்னுல்ல சொல்றா!"

"சார், எல்லாரும் கடலை..."

"பேச்சு வேண்டாம். நீயும் தொடும்மா."

மாணவி புதுக் கண்ணாடித் துண்டொன்றை வைத்தாள். விரலை ஸ்பிரிட்டில் கழுவி, காயவிட்டுத் தொட்டாள். முள் அசையவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் இயக்குநர், பெற்ற தகப்பனைப்போல வருந்தி. "இதத்தான் நானும் சொல்லிட்டிருக்கேன்."

வாக்கெடுப்பு முறைப்படி நடந்தது. உப்புப் படிந்த கைகள் அத்தனையும் ஒருமனதாக உயர்ந்து, அறையில் சுத்தமாக இருந்த ஒரே கைக்குத் தகுதி போதாதென்று தீர்மானித்தன.