செல் சவ்வு ஆசிரியரின் கிரில் கதவு

வாசற்காவலர் என்றொரு இனம் உண்டு. சீருடை கிடையாது, சம்பளம் கிடையாது, தன் வீட்டுக்குத் தானே காவல். மணி அடித்தால் கதவைத் திறக்காமல், கிரில் கம்பிகளுக்கு நடுவே மூக்கை நுழைத்து, வந்தவரைச் செருப்பிலிருந்து தலைமுடி வரை அளந்து, "என்ன வேணும்?" என்று கேட்பவர். பார்த்திருப்பீர்களே? இதை எழுதுகிறவன் வீட்டிலும் ஒருவன் இருக்கிறான். தினமும் அவனுக்குத்தான் நான் சவரம் செய்துவிடுகிறேன்.

எங்கள் இனத்தின் பெருமை, சிதம்பரத்து உயிரியல் ஆசிரியர் செந்தமிழ்செல்வன். செல் சவ்வுப் பாடம் வந்தால் அவருக்குச் சாமி வந்துவிடும். இரண்டடுக்குக் கொழுப்பு, அதில் மிதக்கும் புரதங்கள், ஆக்சிஜன் கேட்காமல் நுழையும், சர்க்கரைக்குத் தனி வாசல், கழிவெல்லாம் வெளியே என்று பலகை நிறைய வரைந்துவிட்டு, "சவ்வுக்குக் கண்ணு கெடையாது, ஆனா ஆள் தெரியும். எங்க வூட்டு கேட்டும் அப்படித்தான்" என்று முடிப்பார்.

மகள் காயத்ரிக்கு வந்த வரன்கள் பலரை அந்தச் சவ்வு தடுத்திருந்தது. கடலூர் வரன்தான் முதன்முறையாக அவருக்கும் பிடித்து, அவளுக்கும் பிடித்துப் போனது. மாப்பிள்ளையின் அப்பா ராமாமிர்தத்தோடு போனில் மட்டும் பேசியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டை கட்டிய ஒருவர் மணி அடித்தார். கதவு உடனே திறந்தது. தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்க வந்த அவர், சோபாவில் அமர்ந்து காபி குடித்தபடி சாரின் குழாய்த் தண்ணீரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். மறுபடியும் மணி. மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் பண்ருட்டிப் பலாப்பழம்.

"பழம்லாம் வேணாம்பா, வூட்ல எல்லாருக்கும் சுகர்."

வந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சார் அதற்குள் திரும்பிவிட்டார். பழவாசனை மட்டும் கம்பிக்குள் தாராளமாக நுழைந்தது.

சற்று நேரத்தில் காயத்ரி போனும் கையுமாக வந்தாள்.

"அவரோட அப்பா பலாப்பழம் எடுத்துகிட்டு வந்தாராம். உள்ள வுடலயாம். இந்த எடமும் போச்சாப்பா?"

அவள் குரல் உடைந்தது. சார் செருப்புகூடப் போடாமல் பேருந்து நிலையத்துக்கு ஓடினார். கடலூர்ப் பேருந்தில் சன்னலோரம் ராமாமிர்தம், பக்கத்து இருக்கையில் பழம். சார் ஓடிவந்து படிக்கட்டின் கீழே நின்றார்.

ராமாமிர்தம் அவரைச் செருப்பில்லாத காலிலிருந்து கலைந்த தலை வரை ஒருமுறை பார்த்தார். பிறகு பழத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏறி வாங்க சம்பந்தி. வெளியில நின்னுகிட்டா பேசறது?"

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் வீட்டில் மணி அடிக்கிறது, போய்ப் பாருங்கள். மூக்கு கம்பியில் இடித்துக்கொள்ளப் போகிறது.