இரட்டை மூன்றும் சிவப்புக் கயிறும்

ஞாயிறு மதியம் ஆனால் சீட்டாட்ட மன்றத்தின் மாடிப்படியில் கால் வைக்க இடம் இருக்காது. மேலே ஜோடி மகான் தரிசனம். போன வருஷம் வரை குடை ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். மழை பொய்த்தது, மகானாகிவிட்டார்.

அவருடைய அருள் போக்கர் சீட்டாட்டத்துக்கு மட்டும். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக வரும். மேஜை நடுவில் பொதுச் சீட்டு முதலில் மூன்று, பிறகு ஒவ்வொன்றாக இரண்டு விழும். கையில் இரட்டை மூன்று, இரட்டை நான்கு என்று சின்ன ஜோடி வந்து, நடுவில் அதே எண் விழாவிட்டால், விவரமானவன் சீட்டைக் கவிழ்த்துவிட்டு டீ குடிக்கப் போவான்.

மகான் விடுவாரா? உள்ளங்கையைப் பார்த்து ஆளுக்கொரு ராசி ஜோடி ஒதுக்கினார். இரட்டை இரண்டுக்குப் பச்சைக் கயிறு, மூன்றுக்குச் சிவப்பு, நான்குக்கு மஞ்சள்.

"உன் ஜோடி வந்ததும் கயித்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கோ. கடைசிச் சீட்டு வரைக்கும் விடாதே. மூணாவது தானா வரும்."

அப்படிச் சீட்டு வந்தவன் தெருவுக்கே கேட்கக் கத்தினான். வராதவன் தனக்குப் பக்தி போதவில்லை என்று வாயை மூடிக்கொண்டான். பந்தயமும் அளவு கட்டிய பந்தயம்; ஒரே ஆட்டத்தில் யாரும் மூழ்கிவிட முடியாது. சோப்புக்கட்டி மாதிரி கரையலாம், அவ்வளவுதான்.

கரைந்தவர்களில் ஒரு வெல்டர் உண்டு. பஸ் பட்டறையில் பதினோரு வருஷ வேலை. சிவப்புக் கயிறு. "நீ இரும்பைச் சுடப் பிறந்தவன் இல்லப்பா" என்று மகான் சொன்னதும் அவருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ராஜினாமாக் கடிதம் எழுதி மனைவியிடம் நீட்டினார். எழுத்துப்பிழை பார்க்கத்தான்!

மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அணு எண்ணுகிறவர். சீட்டுக்கட்டை எடுத்துவந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்தார். கணவர் கையில் இரட்டை மூன்று. மற்றதைக் குலுக்கி மூன்று சீட்டு விரித்தார். கயிறோடு நூறு தடவை, கயிற்றைக் கழற்றி நூறு தடவை. கயிறோடு பதினொரு முறை மூன்று விழுந்தது. கழற்றியபோது பன்னிரண்டு.

"எட்டு ஒம்பதுக்கு ஒண்ணுதான் விழுது. கயிறு இருந்தாலும் அப்படித்தான், இல்லாட்டியும் அப்படித்தான்."

"வீட்டுல எப்படி வேலை செய்யும்? மகான் எதிர்ல இருக்கணும்."

"இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை நானும் வரேன். அதுவரைக்கும் கடுதாசியைக் குடுக்காதீங்க."

அந்த ஞாயிறு மனைவி சுவரோரம் நின்றார். எல்லோரும் சீட்டைப் பார்த்தார்கள். அவர் மகானின் கண்ணைப் பார்த்தார். மகானும் பக்தர்களோடு உட்கார்ந்து ஆடினார், எளிமையின் சிகரம் அல்லவா! ஆனால் அவர் கண் முதலில் போனது மற்றவர்களின் மணிக்கட்டுக்கு.

மஞ்சள் கயிற்று மருந்துக்கடைக்காரர் கயிற்றைத் தொட்டார். நடுவில் நான்கு விழுந்தது. மகான் உடனே சீட்டைக் கவிழ்த்துவிட்டார்.

"பாத்தீங்களா, தன் அருளுக்கே வழிவிட்டுட்டாரு!" என்று கூட்டம் உருகியது.

நான்கு விழாத ஆட்டங்களில் அருள் வழிவிடவில்லை. மேலே மேலே போட்டு வாரிக்கொண்டது.

டீ இடைவேளையில் மனைவி கணவரைப் படிக்கட்டுக்கு இழுத்தார். "ஒரே ஒரு சோதனை. ராஜா ஜோடி மாதிரி பெருசா ஏதாவது வந்தா, அதுக்குக் கயித்தைத் தொடுங்க."

"தப்பில்லையா? மகானுக்குத் தெரிஞ்சுட்டா?"

"ஞானதிருஷ்டி இருந்தா தெரியட்டுமே. நான் மன்னிப்புக் கேக்கறேன்."

வெல்டர் வியர்த்துக்கொண்டே உட்கார்ந்தார். ஏழாவது ஆட்டத்தில் இரண்டு ராஜா வந்தன. கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொண்டார். மகானின் மீசை மலர்ந்தது. நடுவில் ஒன்பது, ஏழு, ராணி. மூன்றைக் காணோம். மகான் பந்தயத்தை உயர்த்தினார். வெல்டரும் உயர்த்தினார். மற்றவர்கள் கழன்றுகொண்டார்கள். கடைசிச் சீட்டு வரை மகான் விடாமல் போட்டுவிட்டு, இரட்டை எட்டை விரித்து, நடுவில் குவிந்த பந்தய வில்லைகளை அணைக்கக் கை நீட்டினார்.

வெல்டர் ராஜாக்களை வைத்தார்.

மகானுக்கு மகான்தனம் மறந்துபோய்விட்டது. "யோவ்! கயித்தைத் தொட்டியே! உங்கிட்ட ரெட்டை மூணுதானய்யா இருக்கணும்?"



"இப்பத்தான் ஞானதிருஷ்டி வெளிய வந்திருக்கு" என்றார் வெல்டரின் மனைவி. "கயித்தோட நிறம் எந்த ஜோடின்னு சொல்லுது. நீங்க தொடறது அது எப்போ வந்துதுன்னு சொல்லுது. மூணாவது விழுந்தா இவர் ஒதுங்கிடறார், விழலைன்னா உரிச்சிடறார். இதுக்குப் பேசாம சீட்டைத் திறந்து காட்டியே ஆடியிருக்கலாமே, ஏன் இவ்வளவு வண்ணம்?"

மருந்துக்கடைக்காரர்தான் முதலில் எழுந்தார். பிறகு நாற்காலிகள் வரிசையாகப் பின்னால் நகர்ந்தன. மகான் சந்தில் இறங்கும் பின்படியைத் தேடிப் போனார். இடதா வலதா என்று தெரியாமல் முதலில் கழிப்பறைக்குள் நுழைந்து வெளியே வந்ததைச் சிலர் பார்த்தார்கள்.

வெல்டர் படியிறங்கும்போதே கடிதத்தைக் கிழித்துப் போட்டார். மனைவியின் முகத்தை நேராகப் பார்க்க வெட்கம். "பதினோரு வருஷம் இரும்பைச் சுட்டேன். என்னை ஒருத்தன் இவ்வளவு சுலபமா வளைச்சிட்டானே" என்றார்.

பின்னாலேயே மருந்துக்கடைக்காரர் ஓடிவந்தார். "அம்மா, ஒரு சந்தேகம். மகான் போலிதான், ஒத்துக்கறேன். ஆனா கயித்தை இடது கையில கட்டியிருந்தா ஒருவேளை பலிச்சிருக்குமோ?"

"எந்தக் கையில வேணா கட்டிக்குங்க சார்" என்றார் அவர். "மூளையை மட்டும் கட்டிப் போடாதீங்க."