தீவாயன் கொடுத்த வெள்ளம்

மன்னிப்பு என்னும் அருங்குணம் 2004ஆம் ஆண்டு, திருவனந்தபுரத்தில் ஒரு கார்ட்டூன் கம்பெனியின் மூன்றாம் மாடியில்தான் முழு வளர்ச்சி அடைந்தது. நானே சாட்சி. மலையாளக் கதையைத் தமிழில் எழுதித் தருவது அங்கே என் உத்தியோகம்.

எங்கள் தொடரின் வில்லன் தீவாயன் பன்னிரண்டு வாரத்தில் ஏழு ஊர்களைக் கொளுத்தியவன். பதின்மூன்றாம் வாரம் அவன் திருந்தியாக வேண்டும் என்று மேலாளர் நாகேஸ்வரன் கூட்டம் போட்டார்.

"பாவம், சின்ன வயசுல அவனுக்கு யாரும் பர்த்டே கொண்டாடலையாக்கும்," என்று கண் கலங்கினார். நாங்களும் கலங்கினோம். உடனே ஒரு "வில்லன் மறுவாழ்வுக் குழு" அமைந்தது.

கதை எழுதும் ரெம்யா ஒரே வரியில் அவனைத் திருத்தினாள்: எரிகிற ஊர் தாகத்தில் தவிக்க, தீவாயன் வெள்ளம் கொடுக்கிறான். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். ஐம்பது வருடமாக இந்த ஊர்க் கரமனையில் அதைக் குடித்து வரும் எனக்கு அது தமிழாகவே பட்டது. அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

படம் வரையும் நெல்லையப்பன் திருநெல்வேலியிலிருந்து வந்து இரண்டு மாதம். எழுதியபடியே வெள்ளம் கொடுத்தான், கூரை உயரத்துக்கு. ஆடு மாடுகள் மிதந்தன.

"சாரே, ஞான் எழுதினது குடிக்கற வெள்ளமாக்கும்!" என்று அலறினாள் ரெம்யா.

"எங்க ஊர்ல அதத் தண்ணின்னுதாம்மா சொல்லுவோம்," என்றான் நெல்லையப்பன்.

மறுநாள் ஒளிபரப்பு. மறுபடி வரைய நேரமில்லை. மறுவாழ்வுக் குழு ஆழ்ந்து ஆலோசித்து ஒரு வசனம் சேர்த்தது: "நான் வைத்த தீயை நானே அணைத்தேன்!" ஊரார் மிதந்துகொண்டே கைதட்டினார்கள். தாய்மார்களிடமிருந்து நாற்பது பாராட்டுக் கடிதங்கள் வந்தன.

கடிதங்களைப் படித்து முடித்த கையோடு நாகேஸ்வரன் நெல்லையப்பனை அழைத்தார். நானும் அங்கே இருந்தேன்.

"பெரிய கவனக்குறைவு, கேட்டயா. நாளைலேந்து வர வேண்டாம்."

"ஒரு தடவ மன்னிச்சிருங்க சார். வீட்டுல இப்பந்தான் பிள்ள பொறந்திருக்கு."

"வெள்ளம்னு எழுதினது யாரு?"

நெல்லையப்பன் என் நரைத்த தலையைப் பார்த்தான். "நாந்தான் தப்பா வாசிச்சிட்டேன் சார்."

நானும் மிகுந்த பொறுப்புணர்வுடன் ஆமோதித்தேன்.

படியிறங்கும்போது கேட்டான்: "அய்யா, நானும் ஒரு ஊரக் கொளுத்திருந்தா மன்னிச்சிருப்பாவளோ?"

வெள்ளம் என்று எழுதிய கையால் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

"ஒண்ணு போறாதுப்பா. ஏழு வேணும்."